எஞ்சினுக்குக் குளிர், எங்களுக்கு வெயில்

குவைத்தில் ஆகஸ்ட் மாதத்தில் குளிர்ந்த காற்றுக்கு ஆசைப்படாதவர் யாருமில்லை. என் அண்ணன் மகன் பர்ராக்கும் ஆசைப்பட்டான். தனக்காக அல்ல, தன் காரின் எஞ்சினுக்காக.

சூடான காற்று லேசானதாம், எஞ்சினின் பசிக்குப் போதாதாம். குளிர்ந்த காற்றுதான் அடர்த்தியாம், அது உள்ளே போனால்தான் வண்டிக்கு முழு பலமும் வருமாம். இதை அவன் எனக்கு விளக்கியபோது வெயிலில் நின்றுகொண்டிருந்தோம், என் செருப்பு தார் ரோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. சூடான காற்று எனக்கும்தான் ஒத்துக்கொள்வதில்லை. என்னை யார் கேட்டார்கள்?

முதலில், வண்டியோடு வந்த காற்றுப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பளபளவென்று ஒரு குழாயும் அதன் முனையில் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரும் மாட்டினான். ஃபில்டர் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அதன் சூட்டையே திரும்ப இழுத்தது. கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொண்ட கதை. சத்தம் மட்டும் ஆஸ்துமாக்காரர் மாடி ஏறுவதுபோல அருமையாக வந்தது. அடுத்து பானெட்டில் ஓட்டை போட்டான். உடனே ஒரு புழுதிப் புயல் வந்து பாதிப் பாலைவனத்தை உள்ளே குடியேற்றியது. பிறகு மீன் சந்தையில் ஐஸ் வாங்கி, அவன் பந்தயம் ஓட்டும் நாட்களில் எஞ்சின் தலையில் மூட்டையாகக் கட்டி வைத்தான். வண்டி வேகமாகப் போனதோ இல்லையோ, வாவல் மீன் வாசனையோடு போனது.

கடைசியில் ஷுவைக்கில் ஒரு பட்டறையில் அவனுக்கு ஞானம் பிறந்தது. மனிதர்களுக்காக வண்டிக்குள் ஏசி ஒன்று ஓடுகிறதே, அந்தக் குளிரை எஞ்சின் பக்கம் திருப்பிவிட்டால் என்ன? பட்டறைக்காரர், இரண்டு பக்கமும் போகிற மாதிரி ஒரு வால்வு வைக்கலாம் என்று சொன்னாராம். பர்ராக் ஒத்துக்கொள்ளவில்லை. பாதி கொடுத்தால் எஞ்சினுக்கு வயிறு நிறையாதாம். மனிதர் பக்கம் போகிற குழாயை அடைத்தே விட்டான். பந்தயத்தில் இதனால் ஒரு கண்ணிமைக்கும் நேரம் மிச்சமானதாம். மிச்சம் பிடித்த அந்த நேரத்தை எங்கே சேர்த்து வைத்திருக்கிறான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஏசி விஷயம் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெரிந்த இடம்தான் கொடுமை.

பர்ராக்குக்கு வஸ்மியாவைக் கட்ட வேண்டும். அலுவலகத்தில் கூட வேலை பார்க்கிற பெண். அவள் பெயரைச் சொன்னால் வண்டியையே மறந்துவிடுவான், அவ்வளவு பிடித்தம். எங்கள் வீட்டுப் பெண்கள் போய்ப் பேசி, அவளுக்கும் சம்மதம் என்று தெரிந்துகொண்டு வந்துவிட்டார்கள். இனி ஆண்கள் போய் அவளுடைய அப்பாவிடம் முறையாகக் கேட்க வேண்டும். அவர், மகன் ஸகரின் பெயரால் அபூ ஸகர், எண்ணெய் ஆலையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஏற்கெனவே இரண்டு வரன்களைத் திருப்பி அனுப்பியிருந்தார். ஒருவன் கைகொடுக்கும்போது போனைப் பார்த்தானாம். இன்னொருவன் அவனுடைய மாமாவின் பேச்சில் குறுக்கிட்டானாம். அவர் ஒருமுறை இல்லை என்றால் இல்லைதான், மறுபடி அந்த வாசலை மிதிக்க முடியாது.

அண்ணனின் பெரிய வண்டியில் போகலாம் என்றேன். பர்ராக் கேட்கவில்லை. பெண்ணின் அண்ணன் ஸகர் ஒரு வண்டிப் பைத்தியமாம், இதை வாசலில் பார்த்தாலே பாதிக் காரியம் முடிந்துவிடுமாம். எனவே அஸர் தொழுகை முடிந்ததும், வெயில் உச்சந்தலையிலிருந்து நெற்றிக்கு இறங்கியிருந்த நேரத்தில், நாங்கள் பர்ராக்கின் அமெரிக்க வண்டியில் ஏறினோம். அதற்கு இரண்டே கதவு. பின்சீட்டு என்பது பின்னால் ஒரு சீட்டு இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதற்காக வைத்தது. என்னை அதில் மடித்து வைத்தார்கள். அண்ணன் முத்லக் முன்னால் உட்கார்ந்தார். பெண் கேட்கப் போகிறோம் என்பதால் இருவரும் திஷ்தாஷா என்கிற வெள்ளை நீளச் சட்டைக்கு மேல் ஜரிகைக் கரை வைத்த கறுப்பு பிஷ்த் அங்கி வேறு போர்த்தியிருந்தோம்.

தெரு முனை திரும்புவதற்குள் அண்ணன் ஏசி பொத்தானைத் தேடினார். பொத்தான் இருந்தது. காற்றும் வந்தது, ரொட்டி அடுப்பைத் திறந்தால் வருகிற காற்று. சின்னக் கோளாறு, இதோ வந்துவிட்டோம் என்றான் பர்ராக். ஐந்தாம் சுற்றுச் சாலையில் லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. நின்றோம். கண்ணாடியை இறக்கினோம், வெளியே இருந்த அனலும் உள்ளே வந்து சேர்ந்துகொண்டது. அண்ணன் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அவர் தலைத்துணியின் நுனியிலிருந்து வியர்வை சொட்டுவதை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பர்ராக்கின் கண்ணோ எஞ்சின் சூடு காட்டும் முள்மேல் இருந்தது.

"பாருங்க சித்தப்பா, இந்த வெயில்லயும் முள்ளு அசையவே இல்ல," என்று பெருமையாகச் சொன்னான்.

முள்ளைத் தவிர மற்ற எல்லாம் அசைந்துகொண்டிருந்தது. எனக்கு எதிரே தெரிந்த மேம்பாலமே ஆடியது.

அபூ ஸகரின் திவானியாவுக்குள், அதாவது ஆண்கள் கூடுகிற வரவேற்பறைக்குள், நுழைந்தபோது நாங்கள் கடலில் விழுந்து எழுந்தவர்கள் மாதிரி இருந்தோம். பூசிக்கொண்டு வந்த ஊத் அத்தர் எப்போதோ வியர்வையில் கரைந்து போயிருந்தது. அவர் எங்களை உட்கார வைத்துச் சின்னக் கிண்ணங்களில் காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

இங்கேதான் வில்லங்கம். ஒன்றைக் கேட்டு வந்தவன், கேட்டது கிடைக்கும்வரை அந்த வீட்டுக் காப்பியைத் தொடக் கூடாது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, எங்களுக்கு ஒரு காரியம் ஆக வேண்டும் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர், காப்பியைக் குடியுங்கள், காரியம் ஆயிற்று என்பார். பிறகுதான் குடிப்பது. முன்னாலேயே குடித்துவிட்டால் கேட்க வந்ததைக் கைவிட்டதாக அர்த்தம். எங்கள் பக்கம் பால்குடி மறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும்.

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். பர்ராக் வைத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அபூ ஸகர், எங்களுக்கு ஒரு காரியம்..." என்று ஆரம்பித்தேன்.

பக்கத்தில் ஒரு உறிஞ்சல் சத்தம். அண்ணன் குடித்துவிட்டிருந்தார். காலிக் கிண்ணத்தை நீட்டினார், இன்னொன்று வாங்கினார், அதையும் குடித்தார். அப்புறம் மேஜையில் இருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை ஊற்றிக்கொண்டார். ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிற மனிதர். சொம்பைக் கீழே வைத்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்குப் புரிந்தது. பர்ராக்கின் முகத்தில் ரத்தமே இல்லை.

அபூ ஸகர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"காப்பி குடிச்சாச்சு. அப்போ, சும்மா பார்த்துட்டுப் போகத்தான் வந்தீங்களா?"

ஏசியில் ஏதோ கோளாறு, வழியெல்லாம் வெந்துபோய் வந்தோம், அண்ணனுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நான் உளறினேன். வண்டி கெட்டுப்போவது யாருக்கும் வருவதுதானே என்று அவர் முகம் கொஞ்சம் இளகியது. பிழைத்தோம் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து ஸகர் உள்ளே வந்தான். யாரைக் கவர வேண்டும் என்று இந்த வண்டியைக் கொண்டுவந்தோமோ, அந்த ஸகர். இவ்வளவு நேரம் வாசலில் பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். கண்கள் மின்னின.

"என்னா வேலைப்பா இது! ஏசி குளிர் மொத்தத்தையும் எஞ்சினுக்கே திருப்பி விட்டிருக்காங்க. உள்ள போற பைப்பு சில்லுன்னு இருக்கு, தண்ணி முத்து முத்தா நிக்குது. வண்டிக்குள்ள வர்ற லைனை அடைச்சே வெச்சுட்டாங்கப்பா."

பாதிக் காரியம் முடிந்துவிடும் என்றானே பர்ராக், முழுதாகவே முடிந்துவிட்டது.

அபூ ஸகர் பர்ராக்கின் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"எஞ்சினைக் குளுகுளுன்னு வெச்சுக்கிட்டு, பெத்த அப்பனை வெயில்ல வேக வெச்சுக் கூட்டிட்டு வந்திருக்கே. என் பொண்ணை எங்கப்பா உட்கார வைப்பே?"

பர்ராக்கிடம் எதற்கும் ஒரு விளக்கம் இருக்கும், அடர்த்தி, அழுத்தம், பலம் என்று. அன்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். பெரியவர் எழுந்து வாசலைக் காட்டுவார் என்றுதான் காத்திருந்தேன். அவர் காப்பிக் கூஜாவை எடுத்துக்கொண்டு நேராக அண்ணனிடம் வந்தார்.

"அபூ பர்ராக், நீங்க இதுவரைக்கும் குடிச்சது தாகத்துக்கு. தாகத்துக்குக் குடிச்சதை யாரும் கணக்குல வெக்கிறதில்ல. இப்பதான் நீங்க என் விருந்தாளி. என்ன காரியம்னு சொல்லுங்க."

அண்ணனுக்காக நான்தான் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு அண்ணனுக்கும் எனக்கும் ஊற்றி, குடியுங்கள் என்றார். பர்ராக்கின் எதிரே வந்தார். அவனுடைய பழைய கிண்ணத்தை எடுத்து, ஆறிப்போன காப்பியைக் கீழே கொட்டி, கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"இவங்க கேட்டதுக்கு நான் சரின்னுட்டேன். நீ இன்னும் கேக்கல. உங்கப்பாவை வேர்க்காம கூட்டிட்டு வா. அன்னைக்கு உனக்குக் காப்பி."

திரும்பும்போது ஸகரின் வண்டியில் அனுப்பி வைத்தார். பர்ராக் மட்டும் தன் எஞ்சினோடு தனியாக வந்தான். இரண்டும் நன்றாகப் பேசிக்கொண்டு வந்திருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே நேரம், அதே வண்டி. அடைத்த குழாய் திறந்திருந்தது, எஞ்சினுக்குப் போனது பிடுங்கப்பட்டிருந்தது. முன்சீட்டில் அண்ணன். அபூ ஸகர் வெளி வாசலுக்கே வந்து கதவைத் திறந்தார். சலாம் சொல்வதற்கு முன்னால் அண்ணனின் நெற்றியில் உள்ளங்கையை வைத்து, கையைத் திருப்பிப் பார்த்தார். ஈரமில்லை. உள்ளே போனதும் பர்ராக்கின் கிண்ணத்தை நிமிர்த்திக் காப்பி ஊற்றினார். அவசரமாக வாங்கியதில் பாதி அவன் திஷ்தாஷாவில் கொட்டியது. யாரும் சிரிக்கவில்லை, நான் மட்டும் சிரித்தேன்.

எஞ்சின் இப்போது ஊரோடு சேர்ந்து சூடான காற்றைக் குடித்துக்கொண்டு ஓடுகிறது. இதுவரை சாகவில்லை. அன்று திரும்பி வரும் வழியில் அண்ணன் பிஷ்த்தைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"குளிருதுடா, கொஞ்சம் குறை."

"இருக்கட்டும்ப்பா," என்றான் பர்ராக். பொத்தானைத் தொடவே அவனுக்குப் பயம். பின்சீட்டுக்கு அந்தக் குளிர் வந்து சேரவே இல்லை. என்னை யார் கேட்டார்கள்?