இளையதம்பியின் கிளைடரும் குணலட்சுமியின் கழுத்தும்

இளையதம்பிக்குப் பட்டம் விடத் தெரியாது. பண்டத்தரிப்பில் இது ஆடுமாடுகளுக்கும் தெரிந்த விசயம். சின்ன வயதில் அவன் விட்ட பட்டங்கள் எல்லாம் பனையில்தான் ஏறின. பிழை அவனுடைய கையில். காற்றுக் குறைந்து பட்டம் தாழத் தொடங்கினால் நூலை வெடுக்கென்று இழுக்க வேண்டும். இழுத்தால் எழும்பும். இவன் இழுக்கமாட்டான், இளக்கிவிடுவான். நூலைத் தளரவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். பட்டம் போய் யாருடைய பனை வட்டிலாவது தொங்கும்.

நான் அப்படியல்ல. ஒரு தைப்பொங்கலுக்கு நான் ஏற்றிய எட்டுமூலைப் பட்டத்தைக் கீழே நின்றவர்கள் கண்ணால் பார்க்கவில்லை. என்மேல் வைத்த நம்பிக்கையால்தான் அது மேலே இருப்பதாக ஒத்துக்கொண்டார்கள். அதன் தலையில் நான் கட்டியிருந்த விண் என்ற நார்ப்பட்டி காற்றில் கூவிய கூவலில் அளவெட்டியில் நாதஸ்வரக்காரர்கள் சுருதியை மாற்றிப் பிடித்தார்களாம். இதை யார் சொன்னது என்று கேட்காதீர்கள். நான்தான் சொன்னேன். பஸ் டிப்போவில் ரைம்கீப்பராக இருந்து இளைப்பாறியவன் பொய் சொல்வானா? பஸ்கள்தான் பொய் சொல்லும்.

இவ்வளவு பெரிய பட்டக்காரனின் மனைவி ஒரு நாளாவது அண்ணாந்து பார்த்தாளா என்றால், இல்லை. ஒவ்வொரு தை மாதமும் நான் முற்றத்துக்கு வந்து கூப்பிடுவேன். குணலட்சுமி அடுப்படியிலிருந்தே பதில் சொல்வாள்.

"அண்ணாந்து பாத்தா எனக்குக் கழுத்துப் பிடிக்கும். நீங்களே பாத்திட்டு வந்து சொல்லுங்கோ."

கலியாணம் கட்டிய காலத்திலிருந்தே அந்தக் கழுத்து அப்படித்தான். பாவம், கழுத்து விசயம் என்று நானும் விட்டுவிட்டேன்.

போன சித்திரையில் ஒரு பின்னேரம் கடைக்குப் போய்விட்டு வருகிறேன். வீடு திறந்து கிடக்கிறது. அடுப்பில் பால் பொங்கி, அடங்கி, கருகியும் விட்டது. ஆளைக் காணவில்லை. ஒழுங்கை முடிவில், அறுவடை முடிந்த வயலின் கரையில் நிற்கிறாள். தலை முழுதாகப் பின்னால் சாய்ந்து கிடக்கிறது. கொண்டை முதுகைத் தொடுகிறது.

"என்ன பாக்கிறீர்?" என்றேன்.

"உங்கை பாருங்கோ. இளையதம்பியர் விடுறார்."

வெள்ளையாக ஒன்று நீளச் சிறகை விரித்துக்கொண்டு வானத்தில் வழுக்கிக்கொண்டிருந்தது. வயலின் நடுவே இளையதம்பி ஒரு றிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நூல் இல்லை. சத்தம் இல்லை. வெட்கமும் இல்லை.

"கிளைடராம்" என்றாள். "எஞ்சின் ஒண்டும் இல்லையாம். காத்திலைதான் நிக்குமாம். எவ்வளவு வடிவாக் கிடக்கு, என்ன."

"கழுத்துப் பிடிக்கேல்லையோ?"

"என்ன கழுத்து?" என்றாள், கண்ணை எடுக்காமல்.

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. அதாவது, மூன்றாம் முறை போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் சும்மா அந்தப் பக்கம் போனவன்போல இளையதம்பி வீட்டுக்குப் போனேன். அவன் வங்கியில் மனேச்சராக இருந்து இளைப்பாறியவன், என்னைவிட இரண்டு வயது குறைவு, அதனால் மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. கதவைத் திறந்து, "வாங்கோ அண்ணை" என்று நேரே அறைக்குள் கூட்டிக்கொண்டு போனான். கட்டிலில் கிளைடர் படுத்திருந்தது. அவன் பாயில் படுக்கிறான் போல. ஜெர்மனியிலிருந்து மகள் சுவர்ணா அனுப்பிய பெட்டிக்குள் துண்டு துண்டாக வந்ததாம். தக்கையைப் போன்ற மரம். ஒவ்வொரு துண்டாக ஒட்டி, மேலே மெல்லிய பிளாஸ்ரிக் தாளை வைத்து அயன்பொக்சால் தேய்த்து இறுக்கியிருந்தான்.

"பிடிச்சுப் பாருங்கோ அண்ணை."

பிடித்தேன். கையில் ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது. அந்த அறையில் பாரமாக இருந்தது என் வயிற்றெரிச்சல் மட்டும்தான்.

"உடைஞ்சிடும் போலை கிடக்கு" என்றேன்.

"இரண்டு தரம் உடைஞ்சதுதான். பிறகு ஒட்டினனான்."

"எங்கை?" என்று ஆவலாகக் கேட்டேன்.

அவன் காட்டினான். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன். ஒட்டு தெரியவில்லை. உடைந்ததைக்கூட இவன் ஒழுங்காக உடைத்திருக்கிறான்.

"நீங்களும் ஒண்டு செய்யுங்கோவன் அண்ணை. நான் சுவர்ணாவிட்டைச் சொல்லி விடுறன்."

"பிள்ளையைக் கரைச்சல் படுத்தாதை. செய்யிறதெண்டால் நான் என்ரை மூளையாலை செய்வன்."

"அதுவும் சரிதான். குணலட்சுமி அக்காவுக்கு நல்ல விருப்பம் போலை. முந்தநாளும் வந்து பாத்தவ."

முந்தநாளும். அந்த 'உம்'மை நான் வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வந்தேன். தமிழில் எத்தனையோ எழுத்துகள் இருக்க, ஒரு மனிதனைக் கொல்ல இந்த இரண்டு போதும்.

அடுத்த நாளே வேலை தொடங்கிவிட்டது. கொழும்பிலிருந்து றிமோட்டும் மரமும் கூரியரில் வந்தன. படம் பார்த்துச் செய்வது பட்டக்காரனுக்கு இழுக்கு. நான் வானத்தில் வட்டமிடும் பிராந்தைப் பார்த்து அளவெடுத்தேன். சிறகை விரித்து வைத்தால் ஒரு நுனி சாமியறையில், மற்ற நுனி கிணற்றடியில். நடுவில் எங்கள் சாப்பாட்டு மேசை. மூக்குப் பாரம் போதாமல் குருநகருக்குப் போய், வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகள் வாங்கி வந்து உள்ளே திணித்தேன். விற்றவர், "ஐயா, எந்தக் கடலிலை வலை போடப்போறியள்?" என்று கேட்டார். "மேலை" என்றேன். மனுசன் மிச்சக் காசைச் சற்றுத் தள்ளி நின்றே தந்தார்.

"என்ரை அயன்பொக்சை எங்கை?" என்று குணலட்சுமி ஒருநாள் கேட்டாள்.

"சிறகுக்குத் தாள் ஒட்டுறன்."

"கோயிலுக்குப் போக எனக்குச் சீலை தேய்க்க வேணும்."

"சீலை பறக்காது. கொஞ்சம் பொறும்."

அவள் வந்து கிளைடரைச் சுற்றிப் பார்த்தாள். "இளையதம்பியற்றை கொஞ்சம் மெல்லிசு, என்ன" என்றாள்.

"அது வருத்தக்காரக் கொக்கு. இது பிராந்து."

"பறக்குமோ?"

"பறக்கிறதோ? நீர் வந்து அண்ணாந்து பாரும், பிறகு கதையும்."

"பாப்பம்" என்றாள். யாழ்ப்பாணத்தில் 'பாப்பம்' என்றால் வரமாட்டேன் என்றுதான் பொருள். எனக்குத் தெரியாதா?

முதல் ஓட்டத்துக்கு அவளை நான் கூப்பிடவில்லை. ஒத்திகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இளையதம்பி தன்னுடைய றப்பர் கயிற்றைக் கொண்டுவந்து உதவினான். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் கயிறு அவனிடம்தான் இருந்தது. நிலத்தில் ஒரு முளை அடித்து, அதில் றப்பரையும் நைலோன் கயிற்றையும் கட்டி, மறு முனையைக் கிளைடரின் வயிற்றுக் கொளுக்கியில் மாட்டி, கல்லடிக்கும் கெற்றப்போல் மாதிரிப் பின்னால் இழுத்து விட வேண்டும். மேலே போனதும் கயிறு தானாகக் கழன்று விழும். அது கழன்று விழுந்ததைப் பார்த்தபோது, சபையில் வேட்டி அவிழ்ந்தவன்போல எனக்கு ஒருமுறை உடம்பு கூசியது.

கிளைடர் மேலே நின்றது. பிறகு மெல்லத் தாழ்ந்தது. தாழ்ந்தால் என்ன செய்வது என்று எனக்கா சொல்லித்தர வேண்டும்? றிமோட்டின் குச்சியை வெடுக்கென்று என் பக்கம் இழுத்தேன். மூக்கு நிமிர்ந்தது. நிமிர்ந்து, வானத்தைப் பார்த்தபடி அப்படியே நின்று, வேகம் எல்லாம் செத்து, பொத்தென்று தலை குத்தியது. இன்னும் இழுத்தேன். இன்னும் குத்தியது.

"அண்ணை, இழுக்காதேங்கோ" என்று இளையதம்பி கத்தினான். "இளக்குங்கோ. குச்சியை விடுங்கோ, அது தானா நிமிரும்."

இளக்குவதா? யார் யாருக்குச் சொல்வது? பனைகள் எல்லாவற்றையும் பட்டத்தால் அலங்கரித்தவன், என்னைப் பார்த்து இளக்கட்டாம். குச்சி உடையும் அளவுக்கு இழுத்தேன். கிளைடர் பக்கத்து வெங்காயப் பாத்திக்குள் இறங்கி ஒரு வரிசையை ஒழுங்காகக் கிண்டி எடுத்தது.

இளையதம்பி ஓடிப்போய்த் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். "பட்டம் விட்ட கை, அண்ணை" என்றான் மிக மரியாதையாக. "உங்களுக்கு இழுத்துத்தான் பழக்கம். நான் எப்பவும் இளக்கிற ஆள்தானே, அதாலை இது எனக்கு வாச்சுப் போச்சு."

அவன் என்னை நக்கலடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவன் உண்மையைச் சொன்னான். ஐம்பது வருடம் பிழையாக இருந்த ஒரு கை, ஒரு பெட்டி ஜெர்மனியிலிருந்து வந்ததும் சரியான கையாகிவிட்டது. வீட்டுக்குப் போனால் குணலட்சுமி, "வெங்காயப் பாத்திக்கை என்ன செய்தனீங்கள்?" என்று கேட்கிறாள். எங்கள் ஊரில் செய்தி பறக்க றப்பர் கயிறு தேவையில்லை.

ஒட்டினேன். என் ஒட்டுகள் எல்லாம் மாதகல் கடற்கரையிலிருந்தே தெரியும், அவ்வளவு தடிப்பு. வைகாசி பிறந்தது. காற்று அடங்கி, வயல் வெக்கையில் மினுங்கிய ஒரு பின்னேரம் மனைவியிடம் போய், "இண்டைக்கு விடப்போறன், வாரும்" என்றேன்.

"இளையதம்பியரும் விடுறாரோ?"

"ஓம், விடுவான்."

"அப்ப வாறன்" என்றாள். சீலை மாற்றிக்கொண்டு வேறு வந்தாள்.

முதலில் இளையதம்பி விட்டான். அவனுடையது அழகாக ஏறியது, அழகாக ஒரு வட்டம் சுற்றியது, அழகாக வந்து அவன் காலடியில் இறங்கியது. அவ்வளவு அழகு ஒரு கிளைடருக்கு அவசியமா? குணலட்சுமி அண்ணாந்தே நின்றாள். ஒரு கட்டத்தில் கையும் தட்டினாள். என் கலியாணத்துக்குக்கூட அவள் கை தட்டவில்லை.

பிறகு என்னுடையது. கயிறு கழன்றது. கிளைடர் வயலுக்கு மேலே நின்று தாழத் தொடங்கியது. என் விரல் தன்பாட்டில் குச்சியை இழுத்தது. மூக்கு நிமிர்ந்தது, தலை குத்தியது, மறுபடி நிமிர்ந்தது. கிளைடர் தண்டால் எடுத்துக்கொண்டு கீழே வந்தது.

"இளக்குங்கோ அண்ணை" என்றான் இளையதம்பி.

எனக்கு அவன் குரல் கேட்டது, ஆனால் மனம் அங்கே இல்லை. கண்ணைக் கிளைடரிலிருந்து எடுக்கக்கூடாது, அதுதான் இந்த விளையாட்டின் சட்டம். எடுக்காவிட்டால் பின்னால் நிற்பவள் பார்க்கிறாளா இல்லையா என்று எப்படித் தெரியும்? இதற்காகத்தான் ஒரு மாதம் மேசையில்லாமல் சாப்பிட்டேன்.

"டேய், அவ பாக்கிறாவோ?" என்று கேட்டேன்.

"நான் உங்கடையைப் பாத்துக்கொண்டு நிக்கிறன் அண்ணை."

பொறுக்க முடியவில்லை. றிமோட்டை ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு முழுதாகத் திரும்பினேன்.

பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நெற்றியில் வைத்து, வாயைச் சற்றே திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, என்னுடையதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் மெல்ல மேலே போனது. இன்னும் மேலே போனது. கிளைடர் விழுகிறதென்றால் கண் ஏன் ஏறுகிறது?

"சும்மா விட்டாப்போலை எவ்வளவு வடிவாப் போகுது" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். உழுத செம்மண்ணின் மேலே இரண்டு பிராந்துகள் சிறகடிக்காமல் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. நடுவில் மூன்றாவதாக, என் தடித்த ஒட்டுகளோடு, என்னுடையது. வெக்கை எழும்பும் இடம் ஒன்றை அது தானாகவே கண்டுபிடித்துவிட்டது. என் விரல் குச்சியில் இல்லாததுதான் அதற்கு வந்த யோகம்.

"அண்ணை, இறக்குங்கோ" என்றான் இளையதம்பி. அவன் குரலில் முதன்முறையாக ஒரு அவசரம். "மூக்கைக் கீழை அமத்துங்கோ. இன்னும் போனா றிமோட்டுக்கு எட்டாது. போட்டுதெண்டால் போட்டுதுதான்."

அவன் சொன்னது சரி. குச்சியில் விரலை வைத்தேன். அமத்தினால் கிளைடர் இறங்கும். இறங்கினால் அவள் பார்வையும் கூடவே இறங்கும், நேரே அடுப்படியில் போய் நிற்கும்.

விரலை எடுத்துவிட்டேன்.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

"பொறு."

முதலில் காகம் அளவானது, பிறகு தும்பி, பிறகு ஒரு எள்ளு. மேகத்துக்குள் போய் மறுபக்கத்தால் வெளியே வந்தது. இதில் மிகை ஒன்றும் இல்லை. மேகம் சற்றுச் சின்ன மேகம், அவ்வளவுதான். அந்த நேரம் முழுவதும் நான் மேலே பார்க்கவில்லை. குணலட்சுமியைத்தான் பார்த்தேன். அவள் என்னை ஒருமுறையும் பார்க்கவில்லை என்பதையும் கவனித்தேன், கிளைடர்மேல் கொஞ்சம் எரிச்சலும் வந்தது. நான் செய்த சாமான், எனக்கே போட்டி.

"எங்கை போட்டுது?" என்றாள் கடைசியில்.

"மாதகல் பக்கம். இப்ப கடலுக்கு மேலை நிக்கும்."

"திரும்பி வருமோ?"

"அதுக்கு விருப்பமெண்டால் வரும்."

இளையதம்பி தன்னுடைய கிளைடரைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, வெறும் வானத்தையே பார்த்து நின்றான். பிறகு மெதுவாக, "என்ரை ஒருநாளும் இவ்வளவு உயரம் போகேல்லை அண்ணை" என்றான். அந்தக் குரல் எனக்கு நன்றாகப் பழக்கமான குரல். சித்திரை முழுவதும் என் நெஞ்சுக்குள் இருந்து கதைத்த அதே குரல், இப்போது அவன் வாயால் வருகிறது. கிளைடர் போனதில் எனக்கிருந்த துக்கம் எல்லாம் அந்த நிமிடமே பறந்துவிட்டது. மாதகலுக்கும் அப்பால்.

மூன்று பேரும் ஒழுங்கையால் திரும்பி நடந்தோம். நான் வெறுங்கையோடு, தேர் இழுத்து முடித்தவன்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். குணலட்சுமி நடந்துகொண்டே இளையதம்பி பக்கம் திரும்பினாள்.

"உங்கடை ஏன் தம்பி அவ்வளவு கெதியா இறங்கினது?"

இளையதம்பி கிளைடரை மற்றக் கைக்கு மாற்றினான். "காத்து இல்லை அக்கா."

"இவரின்ரைக்கு இருந்ததுதானே" என்றாள்.