தாமோதரன் உட்காராத பந்தி

இளைப்பது பெரிய காரியமில்லை. பட்டினி போட்டால் எருமையும் இளைக்கும். இளைத்த உடம்பை இளைத்தபடியே வைத்துக்கொள்வதுதான் பாடு. அது சாகும்வரை லீவு இல்லாத வேலை என்பதைத் தாமோதரன் இரண்டு தடவை தோற்ற பிறகுதான் தெரிந்துகொண்டார்.

அணுபுரம் குடியிருப்பில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. ஒரு காலத்தில் நூற்றுப் பத்து கிலோ. அவர் ஸ்கூட்டரில் ஏறிவிட்டால் பின்னால் மனைவி சகுந்தலாவுக்கு இடம் இருக்காது. அந்த அம்மாள் பஸ்ஸில் வந்து சேருவார். முதல் தடவை இளைத்தபோது எல்லோரும் கைகுலுக்கினார்கள். ஒரு வருஷத்துக்குள் போன கிலோவெல்லாம் கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. இரண்டாவது தடவையும் அதே கதைதான். இரண்டு முறையும் சறுக்கல் தொடங்கிய இடம் யாரோ ஒருவர் வீட்டு விசேஷம். "ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆயிடாது" என்று இலைக்குப் பக்கத்தில் நின்று உபசரிக்க ஒரு நல்ல மனசு எங்கேயும் இருக்கும். அந்த ஒரு நாளுக்கு மறுநாள் என்று ஒன்று உண்டு, அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

மூன்றாம் தடவை, செங்கல்பட்டு டாக்டர் முழங்காலையும் சர்க்கரையையும் காட்டி மிரட்டிய பிறகு, தாமோதரன் தனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். இனி அடுத்தவர் வீட்டில் கை நனைப்பதில்லை. கல்யாணமோ காதுகுத்தோ, எங்கே போனாலும் கீரையும் அவித்த முட்டையும் வைத்த எவர்சில்வர் டப்பா கூடவே போகும். விடியற்காலையில் சதுரங்கப்பட்டினம் வரை நடை. மூன்று வருஷமாக எழுபத்தைந்து கிலோவில் நிற்கிறார். பார்க்கிறவர்கள் பாராட்டுவதை விட்டுவிட்டு, "என்ன சார், சுகரா?" என்று துக்கம் விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அதற்கும் மனிதர் அசையவில்லை. அந்தப் பிடிவாதத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சட்டம் போடுகிறவன் அக்கம்பக்கம் பார்த்துப் போட வேண்டும்.

ஏசுபாதம் அவரோடு ஒரே நாளில் ஒரே பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர். கருங்குழிக்காரர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் முதல் மாதச் சம்பளம் ஏசுபாதத்துடையது. தாமோதரன் சேலம் பக்கம் நிலபுலனுள்ள குடும்பம். ஏசுபாதத்தின் மகள் கவியாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று ஆபீஸ்காரர்கள் கருங்குழி காலனிக்கு வந்தார்கள், குழந்தை கையில் பரிசைத் திணித்தார்கள், பந்தி என்றதும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். காலனி வீட்டில் கை நனைத்து அவர்களுக்குப் பழக்கமில்லை. அதை வாய்விட்டுச் சொல்லும் தைரியமும் இல்லை.

அப்போது தாமோதரன் யாரும் கூப்பிடாமலே போய் முதல் ஆளாக உட்கார்ந்தார். கொள்கை, புரட்சி என்றெல்லாம் ஒன்றுமில்லை. சோறு கண்ட இடம் சொர்க்கம் என்றிருந்த ஆள். காலையிலிருந்து பசி, அடுப்பில் ஆட்டுக்கறி. அவர் இலையில் மூன்றாம் முறை சோறு விழுந்தபோது, நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அன்று முதல் அந்த வீட்டில் அதுவே வழக்கமாயிற்று. முதல் பந்தி ஆபீஸ்காரர்களுக்கு, அதில் முதல் இலை தாமோதரனுக்கு. அவர்கள் எழுந்த பிறகுதான் சொந்தபந்தம் உட்காரும். தாமோதரனுக்கு இதன் அருமை தெரியாது. ஏசுபாதத்துக்குத் தெரியும்.

போன தை மாதம் ஏசுபாதம் மாடியோடு புது வீடு கட்டி முடித்தார். ஒரு சனிக்கிழமை பிரதிஷ்டை, அதாவது அவர்கள் வழக்கத்துக் கிரகப்பிரவேசம். தாமோதரன் சட்டம் போட்ட பிறகு அந்த வீட்டில் வந்த முதல் விசேஷம் அது. கவியா இப்போது சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். அவளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். ஆபீஸ் சிநேகிதர்கள்தான் எங்கள் வீட்டில் முதல் பந்தி என்று ஏசுபாதம் அவர்களிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார்.

கிளம்பும்போதே வழியனுப்ப வந்த சகுந்தலா டப்பாவைப் பார்த்துவிட்டு, ஏசு அண்ணன் வீட்டிலாவது இதைத் திறக்காதீர்கள் என்றார். ஒரு நாள் என்ற பேச்சையே எடுக்காதே என்று தாமோதரன் எரிந்து விழுந்தார். அவருடைய பயம் பொய்யில்லை. ஒரு கவளம் பிரியாணி உள்ளே போனால் தன்னால் நிறுத்த முடியாது என்பது அவருக்குத் தெரியும். தன்னைத் தெரிந்த அளவுக்கு அவர் அந்த வீட்டைத் தெரிந்து வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

போதகர் ஜெபம் முடித்ததும் இலை போட்டார்கள். ஏசுபாதம் தாமோதரனின் கையைப் பிடித்து அழைத்துப்போய் முதல் இலையைக் காட்டினார்.

"குந்து தாமு. பாப்பா காலைலேர்ந்து நீ எப்போ வருவன்னு பாத்துகினு கீது."

பாப்பா அவர் மனைவி. கரண்டியோடு நின்றிருந்தார். தாமோதரன் சிரித்துக்கொண்டே டப்பாவைத் தூக்கிக் காட்டி, தனக்கு வேண்டியதைக் கொண்டுவந்துவிட்டதாகவும் மற்றவர்களைக் கவனிக்கும்படியும் சொன்னார். யாருக்கும் தொந்தரவு கொடுக்காத விருந்தாளி என்று தன்னைப் பற்றி அவருக்கு ஒரு நினைப்பு. மாடிப் படிக்கட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து நிதானமாகச் சாப்பிட்டார்.

கீழே அவருடைய அதிகாரி லக்ஷ்மிநாராயணனுக்குச் சனிக்கிழமை விரதம் ஞாபகம் வந்தது. ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு வயிறு சரியில்லை. ஐந்து நிமிஷத்தில் ஆபீஸ் முழுக்க நோயாளியாகிவிட்டது. தண்ணீர் தெளித்த இலைகளில் நாலைந்து பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களும் பட்டும் படாமலும். ஓரத்தில் நாற்காலிகளில் சொந்தக்காரர்களும் மாப்பிள்ளை வீட்டாரும் பேச்சை நிறுத்திவிட்டு அந்த இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யாரோ ஒரு பெண், இவர்கள் நம் வீட்டில் சாப்பிடமாட்டார்களா என்று பாப்பாவைக் கேட்டார். அவர்களுக்கெல்லாம் உடம்பு சரியில்லையாம் என்றார் பாப்பா. தாமோதரன் காதில் அது விழுந்தது. தன் உடம்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்து, மேலே இருந்தபடியே தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசுகிறது.

ஆபீஸ்காரர்கள் வந்த வேன் திரும்பியது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும், ஒரு ஹோட்டல் வாசலில் நிறுத்தச் சொன்னார்கள். சனிக்கிழமைக்காரர் ஃபுல் மீல்ஸ் கேட்டார். சர்க்கரைக்காரர் பூரி கிழங்கும் அதற்கு மேல் ஒரு ஜாங்கிரியும். வயிறு சரியில்லாதவர் சிக்கன் சாப்பிட்டார். தாமோதரன் வேனிலிருந்து இறங்கவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு வந்த லக்ஷ்மிநாராயணன் ஜன்னல் வழியாக அவர் தோளைத் தட்டினார்.

"நல்ல வேளை சார், நீங்க முதல்ல வேண்டாம்னீங்க. இல்லேன்னா எல்லாரும் உட்கார்ந்திருக்கணும்."

அப்போதுதான் தாமோதரனுக்குத் தான் செய்த காரியம் புரிந்தது. கவியாவின் ஞானஸ்நானம் முதல் அத்தனை வருஷப் பந்திகளும் புரிந்தன. இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய், மிச்சப் பிரியாணி முழுவதையும் தின்று தீர்க்கலாமா என்று ஒரு வெறி வந்தது. போய் என்னவென்று சொல்வது? வேன் கிளம்பிவிட்டது, அவரும் உட்கார்ந்தேயிருந்தார்.

திங்கட்கிழமை மன்னிப்புக் கேட்டார். உனக்கு உடம்புதான் காரணம் என்று எனக்குத் தெரியும் என்றார் ஏசுபாதம். கோபித்திருந்தால் தேவலை. வழக்கம்போல ஒன்றாக டீ குடித்தார், பேசினார், சிரித்தார். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. தாமோதரன் அந்த மாதமெல்லாம் சரியாகத் தூங்கவில்லை. எடை மட்டும் எழுபத்தைந்திலிருந்து அசையவில்லை. முதல் தடவையாக அது அவருக்கு அருவருப்பாக இருந்தது.

ஆவணியில் கவியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஏசுபாதமும் பாப்பாவும் தட்டில் பழம் வைத்துப் பத்திரிகையோடு அணுபுரம் வந்தார்கள். சகுந்தலா முறுக்கும் காபியும் கொண்டுவந்து வைத்தார். இரண்டு பேரும் மறுக்காமல் சாப்பிட்டார்கள். 

ஏசுபாதம் காபி டம்ளரைக் கீழே வைத்தார். காலையில் சர்ச்சுக்குக் கட்டாயம் வந்துவிடச் சொன்னார். மோதிரம் மாற்றும்போது நீ முன்வரிசையில் இருக்கணும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஜெபம் முடிந்ததும் நீ கிளம்பிவிடு, மண்டபத்துக்கு வரவேண்டாம் என்றார்.

 மண்டபத்துக்கு வருவேன், முதல் இலையில் உட்காருவேன், மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிடுவேன், இந்த உடம்பு எக்கேடு கெட்டாலும் கெடட்டும் என்று தாமோதரன் படபடத்தார். 

"வாணாம் தாமு," என்றார் ஏசுபாதம். "அப்போ நீ பசிக்கித் துன்ன. அத்தப் பாத்துதான் மத்தவனும் குந்துனான். இப்போ நீ எனுக்காவ துன்னுவ. துன்ற மூஞ்சப் பாத்தாலே தெரிஞ்சிரும். எங்க ஜனம் அத்தப் பாக்க வாணாம்."

 ஏசுபாதம் சொன்னது உண்மை. பசி என்பது எப்படி இருக்கும் என்றே தாமோதரனுக்கு மறந்துபோயிருந்தது. அந்த இலையில் இனி உட்கார்ந்தால் பயத்தோடு உட்காருவார், கடனே என்று விழுங்குவார், அவ்வளவுதான் அவரால் முடியும்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்ட பாப்பா ஒரு நிமிஷம் நின்றார்.

"ஒடம்பப் பாத்துக்குங்கண்ணா. கஷ்டப்பட்டு எளச்சிருக்கீங்க, உட்றாதீங்க."

குத்திப் பேசத் தெரியாத பெண். மனதாரத்தான் சொன்னார்.