சாதிக் பாஷா ஒப்பித்த எழுத்துப் பலகை

சேர்வராயன் சாமி மேல் சத்தியமாக, இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

சேர்வராயன் மலையில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் மிளகு வியாபாரம் செய்யும் சாதிக் பாஷாவுக்கும், அவருக்குச் சரக்குப் போடும் வெள்ளக்கடை விவசாயி ஐயாக்கண்ணுவுக்கும் ஒரே நோய். விழித்திரை நடுவில் தேய்ந்து, எதிரில் நிற்பவரின் முகம் மட்டும் புகையாகத் தெரியும். ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த விழித்திரைச் செல்களைக் கண்ணுக்குள் வைக்கும் ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு, இருவரும் ஒரே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

பரீட்சை என்றால் முதல் மார்க் வாங்குவதற்குத்தான் என்று நினைப்பவர் சாதிக் பாஷா. முன்னால் போனவர்கள் படித்ததைக் காதால் கேட்டே, கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்து, கடைசி வரி வரை ஒப்பித்தார். இவ்வளவு நல்ல பார்வைக்கு வைத்தியம் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பலகை எந்தச் சுவரில் இருக்கிறது என்று கேட்ட ஐயாக்கண்ணுவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்துக் கறுப்புக் கண்ணாடியோடு ஐயாக்கண்ணு கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"பாய், குப்பனூர்ல பஸ் கிளம்பிருச்சுங்க. டிரைவர் சட்டையில ரெண்டாவது பட்டன் இல்லீங்க."

முக்கால் மணி நேரத்தில் பஸ் வந்தது. பட்டன் இல்லை.

மறுநாள், தான் கட்டிக் கொண்டுவந்த மூட்டைக்குள் மிளகோடு கிடந்த பப்பாளி விதை பதினேழு என்றார். கொட்டி எண்ணினார்கள். பதினேழு. சாதிக் பாஷாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் பொறுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஐயாக்கண்ணு சொன்னார்: "உங்க ஊட்டுக்காரம்மா சிரிச்சா கன்னத்துல குழி விழுகுதுங்களே பாய். நொம்ப அழகுங்க."

நாலு வருஷமாக மனைவி மைமூனின் முகத்தைப் பார்க்காத மனிதருக்கு அதுதான் வயிற்றில் நெருப்பை வைத்தது. வீட்டுக்குப் போய், "கொஞ்சம் சிரி" என்றார்.

"ஏனுங்க, இருந்தாப்ல இருந்து என்ன ஆச்சு?" என்று அவள் சிரித்தாள். புகைதான் அசைந்தது.

மறுவாரமே ஆஸ்பத்திரியில் பலகை முன்னால் நின்றார். பழைய எழுத்துகள் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்தன. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டார்.

"ஒண்ணுமே தெரியலீங்க. முந்தி சொன்னது மனப்பாடங்க. அந்த ஆளுக்கு வெச்ச அதே செல்லை எனக்கும் வெச்சு உடுங்க. முடிஞ்சா ஒரு பிடி கூடவே வைங்க."

நர்ஸ் அவர் பெயரை ஐயாக்கண்ணுவின் பெயருக்குக் கீழே எழுதினாள்.

ஐயாக்கண்ணுவுக்கு ஆபரேஷன் வருகிற தை மாதம்தான்.