ஐந்து மணிக்கு யாரிடம் ஒப்படைப்பது?

இருபது வருஷம் வார்டில் ஆட்களைப் புரட்டிப் போட்டு, தூக்கி உட்கார வைத்து, கடைசியில் நர்ஸம்மாவின் இடுப்பு கையை விரித்துவிட்டது. இனி தலையணையைத் தூக்கினாலும் நான் பொறுப்பில்லை என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். அப்படித்தான் மருத்துவக் காப்பீட்டு ஆபீசின் சுழல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். மூன்று மாதம் பார்ப்போம், சரிப்பட்டால் நிரந்தரம் என்றார்கள்.

"உக்காந்த எடத்துல சம்பளம். வாயை வச்சுக் கெடுத்துக்காத" என்றார் கணவர்.

கெடுத்துக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. முகத்தைச் சுளித்தபடி வந்த மேனேஜரிடம், பழக்க தோஷத்தில், "மோஷன் போச்சா சார்?" என்று கேட்டுவைத்தாள். ஆபீசே தட்டச்சை நிறுத்தியது. அவர் விறுவிறுவென்று தன் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். போகவில்லை என்று அவள் முடிவுகட்டினாள்.

அதையாவது மன்னித்தார்கள். வினை ஐந்து மணியில் இருந்தது.

ஐந்தடித்தால் மொத்தக் கூட்டமும் கல்லெறிபட்ட காக்கைகளாகப் பறந்துவிடும். அவளுக்கு மட்டும் கால் எழாது. வார்டில் அடுத்த ஷிப்ட் ஆள் வந்து, கட்டில் கட்டிலாகச் சொல்லி ஒப்படைத்தால்தான் கிளம்பலாம். வராவிட்டால் பெற்ற தாய் செத்தாலும் நகரக் கூடாது. இங்கே அடுத்த ஷிப்டே கிடையாது. ஃபைல்களைப் போட்டது போட்டபடி விட்டுப்போவதா? நீங்களே சொல்லுங்கள், கைப்பிள்ளையை நடுத்தெருவில் விடுகிற மாதிரி இருக்காதா?

பூட்ட வந்த வாட்ச்மேன் வசமாக மாட்டினார்.

"அண்ணே, கேட்டுக்குங்க. மேல இருக்கறது பித்தப்பை, டாக்டர் சீட்டு வரணும். நடுவுல முழங்கால், கோவக்காரர், காலைல போன் அடிப்பாரு. அடியில ரெட்டைப் பிரசவம்."

"நான் என்னம்மா செய்யணும்?"

"ஒண்ணும் வேணாம். 'சரி சிஸ்டர்'னு சொல்லுங்க, போதும்."

"சரி சிஸ்டர்."

அவளுக்கு மூச்சு வந்தது. தினமும் இதே கதை. வாட்ச்மேனும் ருசி கண்டுவிட்டார், "பித்தப்பைக்குச் சீட்டு வந்துச்சா?" என்று அவராகவே விசாரித்தார்.

பக்கத்து மேசைக்காரிக்கு ஹெட்போன் என்றே பெயர். காதை எந்நேரமும் அடைத்துக்கொண்டிருப்பாள். கேட்க வேண்டியதெல்லாம் கேட்டுவிடும். ஒருநாள் மறந்துவிட்ட பையை எடுக்கத் திரும்பி வந்தவள் இதையும் கேட்டு மேனேஜரிடம் வத்தி வைத்தாள். மூன்று மாதம் முடியப்போகிற சமயம்.

ஐந்து மணிக்கு மேனேஜர் அவள் மேசைக்கே வந்துவிட்டார்.

"அடுத்தவங்க நோயெல்லாம் வாட்ச்மேன்கிட்ட சொல்றீங்களாமே?"

"பேரு சொல்லல சார். இருந்தாலும் தப்புதான்."

"இன்னொரு தடவ நடந்தா வேலை கெடையாது. கம்ப்யூட்டர அணைங்க, பையை எடுங்க, கெளம்புங்க. எல்லாரும் அப்படித்தான போறாங்க?"

நியாயம்தான். அணைத்தாள், எடுத்தாள், கதவு வரை போனாள். அதற்குமேல் முடியவில்லை.

"யாராவது வாங்கிக்கணும் சார். நீங்கதான் இருக்கீங்களே."

"சொல்லித் தொலைங்க" என்றார், சீக்கிரம் வீடுபோய்ச் சேரும் ஆசையில்.

நர்ஸம்மா நிமிர்ந்து நின்றாள். "பித்தப்பைக்குச் சீட்டு வந்தாச்சு. ரெட்டைப் புள்ளைல ஒண்ணு இன்னும் கண்ணாடிப் பெட்டிலதான் இருக்கு. முழங்கால்காரர் இன்னைக்குத் திட்டல சார், அழுதாரு. பொண்டாட்டிதான் பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போறாங்களாம், அவங்களுக்கும் இடுப்பு விட்டுப்போச்சாம். அவரு ஃபைலு உங்க கையெழுத்துக்குத்தான் காத்துக்கெடக்கு."

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"'சரி சிஸ்டர்'னு சொல்லணும் சார்."

"சரி... சிஸ்டர்."

அவள் வெளியே வந்துவிட்டாள். கால் தங்குதடையின்றி நடந்தது. நாலு படி இறங்குவதற்குள் மேலிருந்து குரல் துரத்தியது.

"ஏம்மா, நில்லுங்க. இப்ப நான் யார்கிட்ட சொல்லிட்டுப் போறது?"

"அது உங்க வார்டு சார்."

கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கினாள். மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு மறுபடியும் அவர் குரல், இந்தத் தடவை அதட்டல் இல்லாமல்:

"காலைல கொஞ்சம் சீக்கிரம் வாங்கம்மா. வந்து இத என்கிட்டருந்து வாங்கிக்குங்க."