சம்பந்தி ஏறவேண்டிய மேடு

புதுப் பூங்காவைத் திறந்து நாடா வெட்ட மேயர் வருவதற்கு முன்பே பெலிசா மேட்டின் படிகளைக் கூட்டி முடித்து, மறுபடியும் கூட்ட ஆரம்பித்திருந்தாள். பூங்காவில் அவளுக்குப் புல் பராமரிக்கிற வேலை. படி கூட்ட வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் இன்றைக்கு அவை அவள் வீட்டுப் படிகள். கடலோரத்திலிருந்து அந்த வழியாகத்தான் அவள் மகள் ஜோவெலினைப் பெண் கேட்டு அர்னெலின் வீட்டார் வர வேண்டும்.

எங்கள் ஊரில் பெண் கேட்டு வருவதற்குப் பெயரே படியேறுதல்தான். மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டுச் சட்டிகளைச் சுமந்துகொண்டு பெண் வீட்டுப் படியேற வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் மேலே நிற்க வேண்டும். இறங்கிப் போய் அழைத்தால், பெண்ணைத் தள்ளிவிட என்ன அவசரம் என்று ஊர் வாய் சும்மா இருக்காது. பூங்காவாக்க இந்தக் குப்பைமேட்டை மூடியபோது அரசாங்கம் பெலிசாவுக்குக் கொடுத்த வீட்டு வாசலில் பேருக்கு ஒரு படிகூடக் கிடையாது. தரையோடு தரை.

“இந்தக் காலத்துல அதையெல்லாம் யாரும்மா பாக்கறாங்க?” என்றாள் ஜோவெலின்.

“நான் பாப்பேன்டி. எம்பொண்ண ஏறி வந்துதான் கேக்கணும்.”

படிதானே வேண்டும், இதோ ஒரு மலையே இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டாள். கொக்கியும் கூடையுமாகக் குப்பை பொறுக்கி அவள் பாதி ஆயுளைக் கழித்த மலை. இப்போது குப்பையெல்லாம் மண்ணுக்கு அடியில். மேலே மூடியிருக்கும் புல்லில் பாதி அவள் கையால் நட்டது. உள்ளே சேரும் வாயு வெளியேற அங்கங்கே வெள்ளைக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மலைக்கும் மூச்சுவிட மூக்கு வேண்டாமா என்பான் அவள் புருஷன் டோமிங்.

எல்லாம் சரி, வரவேண்டியவள் வர வேண்டுமே. அர்னெலின் தாய் கொன்சொலாசியோன் வளைகுடாவின் எதிர்க்கரைக்காரி. கடலில் மூங்கில் நட்டுச் சிப்பி வளர்க்கிற குடும்பம். ஒரு மழைக்காலத்தில் மேட்டிலிருந்து வழிந்த கறுப்புத் தண்ணீர் அவர்கள் சிப்பியை அடியோடு அழித்துவிட்டது. மனசு விட்டுப்போன புருஷன் கப்பல் வேலைக்குப் போனவர், இன்னும் கப்பலில்தான் இருக்கிறார். அந்த மேட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன் என்று அன்றே சொன்னவள் அவள். அர்னெலும் பட்டுக்கொள்ளாமல்தான் சொல்லியிருந்தான்: “படகுல கூட்டிட்டு வர்றேன் அத்தை. ஏறுறது அம்மா இஷ்டம்.”

மேயர் வந்தார், நாடா வெட்டினார், பேண்டு முழங்கியது. சனம் அணை உடைந்த மாதிரி உள்ளே பாய்ந்தது. குழந்தைகள் சரிவில் உருண்டார்கள். யாரோ ஒரு பெரியவர் தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் செருப்பு மாட்டக் குனிந்தார். டோமிங்கின் கை பழக்க தோஷத்தில் பாட்டிலைக் கவ்விவிட்டது.

“யோவ், இன்னும் குடிச்சே முடிக்கலய்யா!”

சுற்றியிருந்த பழைய கூட்டாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெலிசாவும் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் படகு தெரிந்தது.

படகு மேட்டடியிலிருந்த புதுத் துறையில் ஒட்டியது. சட்டிகள் இறங்கின, வறுத்த பன்றி இறங்கியது, கடைசியில் நீலப் பூப்போட்ட சட்டையில் கொன்சொலாசியோன் இறங்கினாள். இறங்கியவள் படிப்பக்கம் திரும்பவே இல்லை. துறையின் ஓரத்துக்குப் போய்த் தண்ணீரையே பார்த்தாள். பிறகு அப்படியே குந்தி, கையைக் கீழே விட்டாள்.

“வாந்தி எடுக்கறாளா?” என்றாள் பெலிசா.

“இப்பதான் நாத்தமே இல்லியே,” என்றான் டோமிங், பாவமாக.

கொன்சொலாசியோன் நிமிர்ந்தாள். பேண்டு சத்தத்தையும் மீறிக் குரல் வந்தது. “பெலிசா! கீழ வா!”

ஜோவெலினுக்கு முகம் செத்துவிட்டது. “போகாத, போனா மானம் போச்சு,” என்று பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்தாள். பெலிசா ஒரு கணம் நின்றாள். மானம் பெரிதா, மகள் பெரிதா? துடைப்பத்தைப் போட்டுவிட்டு, படியைக்கூட நம்பாமல் புல் சரிவில் சறுக்கிக்கொண்டே இறங்கினாள்.

அவள் மூச்சு வாங்க வந்து நின்றதும் கொன்சொலாசியோன் ஈரக் கையை நீட்டினாள். உள்ளங்கையில் பச்சையாகச் சின்னச் சின்னதாக ஏதோ.

“என்னக்கா இது, பாசியா?”

“பாசியா? கண்ணத் தொறந்து பாரு! சிப்பிக் குஞ்சு. உங்க துறையத் தாங்குற மரத்துல ஒட்டியிருக்கு. உயிரோட இருக்கு, பெலிசா! இத இப்ப வாயில வைக்க முடியாது. தண்ணி முழுசா சுத்தமாக எத்தன வருஷம் ஆகுமோ. ஆனா வந்துடுச்சு. எங்க வீட்டுக்காரருக்கு இன்னிக்கே போன் போடணும்.”

இருவரும் சின்னப் பிள்ளைகள்போல் குனிந்து அந்த மரத்தைப் பார்த்தார்கள். ஒன்று, நான்கு, பத்து, அதற்கு மேல் எண்ண முடியவில்லை. பெலிசாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. திடீரென்று கொன்சொலாசியோன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஆமா, நீ எதுக்குடி இறங்கி வந்தே?”

“நீங்கதானே கூப்பிட்டீங்க!”

“கூப்பிட்டா வந்துடறதா? பொண்ணப் பெத்தவளுக்கு ஒரு கெத்து வேணாம்? போ, மேல போய் நில்லு. ஓடு!”

பெலிசா ஓடினாள். முட்டி வலி, மூச்சிரைப்பு ஒன்றும் தெரியவில்லை. உச்சிக்குப் போய், ஜோவெலின் பக்கத்தில் கவுனை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். கீழே கொன்சொலாசியோன் முதல் படியருகே வந்து, வீட்டுக்குள் நுழைகிறவள்போல் செருப்பைக் கழற்றினாள். பின்னால் வந்த பத்துப் பேரும் சட்டிகளைச் சாய்க்காமல் கழற்றினார்கள். பிறகு அவள் இரண்டு கையையும் வாயருகே குவித்து, எங்கள் ஊரில் வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள்.

“வீட்டுக்காரங்களே! மனுஷங்க வந்திருக்கோம்!”