சுங்கைப் பட்டாணியின் முதல் பனிப்பொழிவு

என் அண்ணன் பரஞ்சோதிக்கு வேறு கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. குடிக்க மாட்டார், சூதாட மாட்டார். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கைப் பட்டாணியில் எவ்வளவு பனி பெய்தது என்று தினமும் ஃபேஸ்புக்கில் பதிவு போடுவார், அவ்வளவுதான். வேலைக்குப் போகும் முன் வாசலில் வைத்த தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்று பனி: பூஜ்யம்" என்று எழுதுவார். கனடாவில் இப்படிப் பதிவு வைக்கிறவர்கள் உண்டாம். அங்கே பனி பெய்கிறது, வைக்கிறார்கள். வெயிலில் தார் உருகும் ஊரில் இவருக்கு என்ன வந்தது?

"ஒரு நாள் விழும்லா சுந்தரி. வானத்துல இருந்து ஐஸா விழுந்தா கணக்குதான். அன்னிக்கு அளக்க ஆள் வேணாமா?" என்பார்.

அந்த நாள் என் மகள் நளினியின் கல்யாணத்தன்றுதானா வரவேண்டும்?

கோயில் மண்டபம், தகரக் கூரை, சாயங்கால முகூர்த்தம். மாப்பிள்ளை திவாகரன் கையில் ஐயர் இன்னும் தாலியைக் கொடுக்கவில்லை. அதற்குள் வெளியே ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. கூரையில் தடதடவென்று ஒரே இரைச்சல். நம் கல்யாணங்களில் கேமராக்காரர்களின் முதுகைத் தவிர வேறெதுவும் தெரியாது. கெட்டிமேளம் காதில் விழுந்தால் அட்சதை தூவுவோம். பின்வரிசை கூரைச் சத்தத்தைக் கெட்டிமேளம் என்று நினைத்துத் தூவிவிட்டது. அதைப் பார்த்து முன்வரிசையும் தூவியது. சிலர் சாப்பிடவே போய்விட்டார்கள்.

அட்சதை ஒரு மணிகூட மிச்சமில்லை. சமையல் கட்டில் இருந்ததெல்லாம் வெந்த சோறு.

"நல்ல நேரம் முடியப் போகுதும்மா. ஆசீர்வாதம் இல்லாம எப்படித் தாலி கட்டறது?" என்றார் ஐயர்.

"சகுனமே சரியில்லையே," என்று மாப்பிள்ளையின் அம்மா ஆரம்பித்தார்.

தாய்மாமன் எங்கே என்று தேடினால், வாசலில் குந்தியிருக்கிறார். சீர்த்தட்டு ஆப்பிள்களை நாற்காலியில் கொட்டிவிட்டு, அந்தத் தட்டு நிறைய ஆலங்கட்டி பிடித்து வைத்திருந்தார். பட்டு வேட்டி தொப்பலாக நனைந்திருந்தது. மடியிலிருந்து அடிக்கோலை உருவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அட்சதை தீந்துபோச்சு. உள்ள வா."

"ஒரு நிமிஷம்லா. உருகறதுக்குள்ள அளந்துடறேன்."

"அங்க என் பிள்ள கல்யாணமே உருகுது. அந்தம்மா சகுனம் பேச ஆரம்பிச்சிருச்சு."

அண்ணன் தட்டைப் பார்த்தார். அடிக்கோலைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தவர், நேரே மேடைக்குப் போய் ஐயரின் மஞ்சள்தூளை அள்ளித் தட்டு முழுக்கத் தூவினார்.

"வானமே குடுத்த அட்சதை, சாமி. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்?"

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார், தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார்.

ஆளுக்கொரு கை எடுத்துக்கொண்டோம். மேளம் முழங்கியது, தாலி ஏறியது, மஞ்சள் ஐஸ் பறந்தது. ஒரு கட்டி கழுத்துக்குள் இறங்க நளினி நெளிந்தாள். சம்பந்தியம்மா எறிந்தது அவர் மகன் நெற்றியிலேயே பட்டுப் புடைத்தது. அந்தம்மாவுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

தட்டில் மஞ்சள் தண்ணீர்தான் மிஞ்சியது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"குத்துமதிப்பா ஒரு நம்பர் போடு அண்ணே. யாரு கேக்கப் போறா?"

"அளக்காதத எப்படிலா போடறது?"

எனக்குப் பாவமாகிவிட்டது. இத்தனை வருஷம் திட்டியதற்கெல்லாம் சேர்த்து, பந்தியில் அவர் இலையில் இன்னும் இரண்டு அப்பளம் வைத்தேன்.

மறுநாள் காலையில் பதிவு வந்தது. "நேற்று பனி விழுந்தது. அளவு: தெரியாது. விழுந்த இடம்: என் மருமகள் தலை."

படித்துவிட்டு அழுதேன். திவாகரன் அதற்குள் லைக் போட்டிருந்தார்.