பக்கெட் மேலே இருந்தது

பத்து நாற்பதுக்குச் சொட்டு நின்றது.

செங்கொடி எழுந்திருக்கவில்லை. குனிந்தபடியே தரையைப் பார்த்தாள். லோடரின் வலது தூக்குக் கைக்குக் கீழே பழைய எண்ணெய் வட்டம் ஒன்றுதான் இருந்தது. அதன் மேல் அவள் தூவியிருந்த முகப்பவுடர் வெள்ளையாகவே கிடந்தது.

திருவொற்றியூரில் ஓர் உரக் கிடங்கு அது. அங்கே ஓடும் சின்ன லோடர் இரண்டு நாளாக எண்ணெய் ஒழுக்கிக்கொண்டிருந்தது. ராயபுரத்தில் ஹைட்ராலிக் குழாய் செய்து தரும் கடையிலிருந்து செங்கொடியை அனுப்பியிருந்தார்கள். ஒன்பது வருடமாக அவளுக்கு இதே வேலை. காலை எட்டரைக்கு வந்தாள். டீசல் விட்டுக் கழுவினாள், துணியால் துடைத்தாள், காயவிட்டாள், பவுடர் தூவினாள். சிலிண்டரின் அடியில், குழாய் வந்து சேரும் இடத்தில், பவுடர் நனைந்தது. திறந்து பார்த்தாள். ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. புதியதைப் போட்டு முறுக்கினாள்.

பிறகு சோதனை. கோதண்டம் பக்கெட் நிறைய உரத்தை அள்ளித் தூக்கி நிறுத்தினார். தூணில் மூட்டை அடுக்கும் உயரத்துக்காக ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். பக்கெட்டின் விளிம்பு சரியாக அந்தக் கோட்டில் நின்றது. இருபத்திரண்டு வருடம் லோடர் ஓட்டியவர்.

"ஆஃப் பண்ணுங்கண்ணா."

என்ஜினை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்கி வந்தார்.

"இன்னா கொடி, நின்னுச்சா?"

"நின்னுச்சுண்ணா."

"அப்போ அந்த அட்டய எங்கிட்ட குடு. கரண்டு போனா விசிறிக்க ஆவும்."

பிஸ்கட் பெட்டியிலிருந்து கிழித்த அட்டை அது. ஒரு கம்பின் நுனியில் செருகியிருந்தாள். கசிவைத் தேடும்போது குழாய் ஓரமாக அதைத்தான் நகர்த்துவாள். கையை நகர்த்த மாட்டாள். கிடங்குகளில் அவளுக்கு அட்டை டாக்டர் என்று பெயர். இன்று அட்டைக்கு வேலை வரவில்லை. சொட்டு விழும் இடம் கண்ணுக்கே தெரிந்தது.

"என்ன நல்லா ஓட்டுங்க. ஒரு நாளிக்கு தெரியும்."

"தெரியட்டும். அதுக்குள்ள ரிட்டயராயிடுவேன்."

வாசலிலிருந்து சூப்பர்வைசர் சுயம்பு கத்தினான்.

"மூணு லாரி நிக்கிது. சம்பந்தம் பேசுறாப்ல நின்னு பேசிகினு கீறீங்க. பக்கெட்ல கீறத அப்டியே மொத லாரில கொட்டுங்க."

"வரேன், இரு நைனா."

கோதண்டம் ஏறப்போனவர் நின்றார். தூக்குக் கையின் மேலே ஓடும் குழாயைக் காட்டினார்.

"இங்க ஈரமா கீது, பாரு."

செங்கொடி ஸ்பேனர்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பிப் பார்த்தாள். குழாய் மினுமினுத்தது.

"பழய ஆயிலுண்ணா. தொடச்சி வுட்டுடுங்க."

"பக்கெட்ட எறக்கிடவா?"

"அதான் ஆஃப்ல கீதே. எறக்கினா அந்தாளு வேற கத்துவான். சும்மா தொடைங்க."

அவர் பனியன் வேஸ்ட் துணியை எடுத்துக் குழாயைப் பிடித்து வழித்தார்.

"ஸ்."

"இன்னாச்சிண்ணா?"

"ஒண்ணுமில்ல. ஓஸ் கம்பி குத்திச்சு."

கையை உதறினார். ரப்பர் தேய்ந்த குழாயில் உள்ளிருக்கும் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். குத்தும். செங்கொடி வந்து அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். வலது ஆள்காட்டி விரலின் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி. கடுகில் பாதி. ரத்தம் இல்லை.

குழாயில் கம்பியைத் தேடினாள். கம்பி இல்லை.

பிறகு தூணைப் பார்த்தாள். பக்கெட்டின் விளிம்பு சிவப்புக் கோட்டில் இல்லை. நான்கு விரல் கீழே இருந்தது.

என்ஜின் நின்றிருந்தது. பக்கெட் இறங்கியிருந்தது. பக்கெட்டின் பாரம் எண்ணெயை எங்கேயோ வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

"தள்ளிப் போங்கண்ணா."

அட்டையை எடுத்தாள். கம்பை நீட்டிப் பிடித்துக் குழாய் ஓரமாக மெதுவாக நகர்த்தினாள். ஒரு சாண். இரண்டு சாண். சர்ரென்று ஒரு சத்தம், பட்டாணி கொறிக்கும் அளவுக்குத்தான். அட்டையில் கோடு விழுந்தது. கோடு நீண்டது. அட்டை இரண்டாகி, ஒரு பாதி தரையில் விழுந்தது.

காற்றில் எதுவும் தெரியவில்லை. குழாயும் முன்போலவே மினுமினுத்தது.

கோதண்டம் விழுந்த அட்டையைப் பார்த்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார்.

"கெளம்புங்க. ஆஸ்பத்திரிக்கு."

"எறும்பு கடிச்சாப்ல கீது. இத்துக்கு ஆஸ்பத்திரியா?"

"குத்தினது கம்பி இல்லண்ணா. ஆயிலு. உள்ள போயிடுச்சு."

சுயம்பு பக்கத்தில் வந்திருந்தான். "உள்ள எப்டிம்மா போவும்? தோலு இல்ல?"

"லாரி டயருல எட்டு கிலோ காத்து. இதுல நூறு கிலோ. தோலு இன்னா பண்ணும்?"

"வலிக்கவே இல்லயே," என்றார் கோதண்டம்.

"வலிக்காது. அதான் பேஜாரு."

பயிற்சியில் ஒரு படம் காட்டியிருந்தார்கள். பாதி விரல்கள் கறுத்த ஒரு கை. கீழே ஆறு மணி நேரம் என்று எழுதியிருந்தது. அந்தப் படத்தைப் பற்றி அவள் அவரிடம் சொல்லவில்லை.

போகுமுன் வண்டிக்குள் கைவிட்டு லிவரைத் தள்ளினாள். பக்கெட் தரையில் உட்கார்ந்தது. நான்கு நொடி ஆனது.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. செங்கொடி ஓட்டிய கடை வேன் அவற்றுக்கு நடுவே நுழைந்து நுழைந்து போனது. கோதண்டம் கையை மடியில் வைத்துக்கொண்டு பேசினார். சுயம்பு இந்நேரம் தானே லோடரில் ஏறியிருப்பான், தூணை இடிப்பான் என்றார். சிரித்தார். காசிமேட்டைத் தாண்டும்போது சிரிப்பு நின்றது.

"வெரலு சில்லுனு கீது கொடி."

அவள் திரும்பிப் பார்த்தாள். விரல் வெளுத்திருந்தது. ஊதின பலூன் போலத் தோல் இறுகியிருந்தது.

"கட்ட வெரலால அத்த தொட்டா தெரியவே மாட்டேங்குது. வேற யாரு வெரலோ மாரி கீது."

"பேசாம வாங்கண்ணா."

பன்னிரண்டு பத்துக்கு அவசரப் பிரிவில் இருந்தார்கள். பணியில் இருந்த இளம் மருத்துவர் விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"சின்னக் குத்துதானே. டி.டி. ஊசி போட்டுக்கிட்டு மாத்திரை வாங்கிட்டுப் போங்க. வீங்கினா நாளைக்கு வாங்க."

"நாளிக்கு கை இருக்காது சார்."

மருத்துவர் நிமிர்ந்தார். செங்கொடி பையிலிருந்து அட்டையின் இரண்டு பாதிகளையும் எடுத்து மேசையில் வைத்தாள். ஒட்டிவைத்துக் காட்டினாள்.

"இத்த எதாலயும் அறுக்கல. ஓஸ்லேர்ந்து வந்த ஆயிலு அறுத்துச்சு. அதே ஓட்டைல அவரு வெரலு வெச்சாரு. பெரிய டாக்டர கூப்புடுங்க சார். தப்பா இருந்தா என்ன திட்டுங்க."

அவர் அட்டையின் வெட்டை விரலால் தடவினார். பிறகு போனை எடுத்தார்.

பெரிய மருத்துவர் ஓர் அம்மாள். வந்ததும் எதுவும் கேட்கவில்லை. கோதண்டத்தின் உள்ளங்கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, கட்டை விரலை வைத்து அழுத்தினார். அழுத்தியபடியே விரல் நுனியை நோக்கி வழித்தார்.

சிவப்புப் புள்ளியிலிருந்து ஒரு துளி வந்தது. ரத்தம் அல்ல. மஞ்சளாக, தெளிவாக இருந்தது.

ஹைட்ராலிக் ஆயில் வாசனை வந்தது. அந்த அறையில் அதைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்.

கோதண்டம் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வாய் திறந்திருந்தது.

"தியேட்டருக்குச் சொல்லுங்க. இப்பவே," என்றார் அம்மாள். "எப்ப ஆச்சு?"

"பத்தே முக்கா," என்றாள் செங்கொடி.

இளம் மருத்துவர் விபத்துப் பதிவேட்டைத் திறந்தார்.

"எப்படி ஆச்சு?"

செங்கொடி வாயைத் திறந்தாள்.

"நானா தொடச்சேன் சார்," என்றார் கோதண்டம். "எறக்காம தொடச்சேன். எம் மிஷ்டேக்கு."

அவர் அவளைப் பார்க்கவில்லை. பேனா எழுதிக்கொண்டிருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சம்மதப் படிவத்தை நர்ஸ் கொண்டுவந்தார். கோதண்டம் வலது கையில் பேனாவைப் பிடித்தார். நழுவியது. மறுபடி பிடித்தார். நழுவியது.

"இடது கட்டை விரல் வைங்க."

"எனுக்கு கையெழுத்து போடத் தெரியும் சிஸ்டர்."

"பரவால்ல, வைங்க."

மை தடவி வைத்தார். ஸ்ட்ரெச்சரில் படுத்த பிறகுதான் செங்கொடியைக் கூப்பிட்டார். அவள் குனிந்தாள்.

"உள்ள ஆயிலு எதுவரிக்கும் போயிருக்கும்?"

"தெரிலண்ணா."

"லோடரு லிவரு வலது கைப் பக்கம் கீது," என்றார்.

கதவு மூடியது.

கன்னியம்மா இரண்டு மணிக்கு வந்தாள். எம்.கே.பி. நகர் பள்ளி ஒன்றில் சத்துணவு சமைப்பவள். கணவனுக்குக் கையில் ஏதோ குத்திவிட்டது என்று சுயம்பு போனில் சொல்லியிருந்தான். ஆட்டோவில் வந்தவள் கையில் மஞ்சள் கறை காயவில்லை. பெஞ்சில் செங்கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குத்தினதுக்கு இன்னாத்துக்கும்மா ஆப்ரேஷன்?"

செங்கொடி சொன்னாள். மேலே நின்ற பக்கெட், துடைத்த குழாய், எண்ணெய், புள்ளி, துளி. யார் என்ன பேசினார்கள் என்பதைச் சொல்லவில்லை. கன்னியம்மா தன் விரல் நுனியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

நாலே காலுக்கு அம்மாள் வெளியே வந்தார்.

"ஆள்காட்டி விரலைக் காப்பாத்த முடியல. எடுத்தாச்சு. உள்ளங்கையைத் திறந்து கழுவி, தைக்காம விட்டிருக்கோம். மத்த விரல்கள் எப்படின்னு ரெண்டு நாள்ல தெரியும்."

கன்னியம்மா எழுந்து நின்றாள். கேட்டுக்கொண்டாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"இந்தப் பொண்ணு நேரத்துக்குக் கொண்டுவந்தா," என்றார் அம்மாள். "நாளைக்கு வந்திருந்தா முழங்கை வரைக்கும் எடுத்திருக்கணும்."

அவர் போன பிறகு கன்னியம்மா செங்கொடியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டாள். அவை டீசல் நாறின. செங்கொடி இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவள் விடவில்லை.

"நீ இல்லன்னா அந்தக் கையே போயிருக்கும்மா."

"அக்கா, வுடுங்க."

"வுட மாட்டேன். நீ எம் பொண்ணு மாரி."

நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். கோதண்டத்தின் சட்டை, செல்போன், கைக்கடிகாரம். கன்னியம்மா கடிகாரத்தை எடுத்து முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"ஆனா ஒண்ணும்மா. அவரு தோஸ்து மஜீது காலு மேல பக்கெட்டு எறங்கிச்சு. பன்னெண்டு வருஷம் ஆவுது. அன்னிலேர்ந்து பக்கெட்ட தரைல உக்கார வெக்காம வண்டி கிட்டயே கைய கொண்ட்போவ மாட்டாரு. வூட்ல சோறு துன்னக்கொள்ளகூட அதையேதான் சொல்லுவாரு."

செங்கொடியின் கை ஒன்று இன்னும் அவள் பிடியில் இருந்தது.

"இன்னிக்கு எறக்காம தொடைக்கச் சொன்னது யாரும்மா?"